ஏகாதசி இருந்த ஆமை

துவாதசியன்று காலை ஆறேகால் மணிக்கு வைஜயந்தி ஓர் அகத்திக்கீரை இலையை விரல் நுனியில் பிடித்து நீட்டினாள். ஆமை வாயைத் திறக்கவில்லை. கண்ணைக்கூடத் திறக்கவில்லை.

ஓர் ஆமை கீரை தின்னாததற்கு இத்தனை நடுக்கமா என்று கேட்பவர்களுக்கு விஷயம் தெரியாது. ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் ரோட்டில், மூன்றாவது மாடியில், அறுபத்திரண்டு வயது வைஜயந்தியின் முழங்கால்கள் இரண்டும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு ஆடிய ஆட்டத்தில், மாடியில் யாரோ மிக்சி போடுகிறார்கள் என்று கீழ்வீட்டுக்காரர்கள் நினைத்திருந்தால் அவர்கள்மேல் தப்பில்லை.

ஆமை அவளுடையது அல்ல. மாட்டுப்பெண் ஜாஹ்னவியுடையது. இரண்டு மாதத்துக்கு முன் கல்யாணமாகி வந்தபோது, மற்ற பெண்கள் பீரோவும் பாத்திரமும் கொண்டுவருவதைப்போல அவள் ஒரு கண்ணாடித் தொட்டியைக் கொண்டுவந்தாள். உள்ளே எலுமிச்சம்பழ அளவில் இரண்டு ஆமைக்குஞ்சுகள். கறுப்பாக இருந்ததற்கு மிளகு என்று பெயர், வெளுப்பாக இருந்ததற்குச் சீரகம். "நம்மூர் நட்சத்திர ஆமையை ஆத்துல வச்சா ஜெயில்மா. இது ஆப்பிரிக்கா ஜாதி. வனத்துறையில பதிஞ்சு பேப்பர் வாங்கியிருக்கேன்" என்று அவள் சொன்னபோது வைஜயந்தியின் காதில் விழுந்தது ஜெயில் என்ற ஒரு வார்த்தைதான்.

வாசல்படியில் வைத்தே வைஜயந்தி கேட்டுவிட்டாள். "ஆமை புகுந்த வீடு உருப்படுமாடீ? இது உள்ள வரத்துக்கு நான் சம்மதிக்க மாட்டேன்." ஆரத்தித் தட்டு கையில் இருக்கிறது, சுற்றிலும் பதினாலு உறவினர்கள் நிற்கிறார்கள். அந்தப் பதினாலு பேரில் இரண்டு பேர் வக்கீல்.

ஆமை எப்படியோ உள்ளே வந்துவிட்டது. அந்த வார்த்தையும் கூடவே வந்து கூடத்தில் உட்கார்ந்துகொண்டது.

இப்போது மிளகு செத்துப்போனால் ஜாஹ்னவி என்ன நினைப்பாள்? மாமியார் தீர்த்துக்கட்டிவிட்டாள் என்று நினைப்பாள். வேறு எப்படி நினைக்க முடியும்? வாய்விட்டுச் சொல்லமாட்டாள், நல்ல பெண். வைஜயந்திக்கு அதுதான் குலைநடுக்கம். சொல்லிவிட்டால் ஒரு நாள் சண்டையோடு போகும். சொல்லாமல் வைத்துக்கொண்டது இருபது வருஷம் தளிகையறை அடுப்புக்கு முன்னால் இரண்டு பேருக்கும் நடுவில் நின்றுகொண்டிருக்கும்.

அலுவலகப் பயிற்சிக்காக ஜாஹ்னவி ஹைதராபாத் போய் ஒன்பது நாள் ஆகிறது. பிள்ளை ஜகன்னாத் துபாயில் ஒரு கட்டட வேலையில் மாட்டிக்கொண்டிருந்தான். கிளம்பும்போது ஜாஹ்னவி ஒரு காகிதத்தைக் குளிர்ப்பெட்டிக் கதவில் ஒட்டினாள். தமிழில், கொட்டை எழுத்தில், சின்னக் குழந்தைக்கும் புரிகிற மாதிரி எழுதியிருந்தாள். இலை மட்டும்தான் சாப்பாடு: அருகம்புல், செம்பருத்தி இலை, கோவை இலை, அதன்மேல் ஒரு சிட்டிகை வெள்ளைப் பொடி. தினமும் வெதுவெதுப்பான தண்ணீரில் கால் மணி நேரம் உட்காரவைக்க வேண்டும். தொட்டிக்கு மேலே இருக்கும் சிவப்பு பல்ப் ராப்பகலாக எரிய வேண்டும். கடைசியில் ஒரு மருத்துவரின் போன் நம்பர்.

"அம்மா, பயமா இருந்தா சொல்லுங்கோ. யார்கிட்டயாவது விட்டுட்டுப் போறேன்" என்றாள்.

"எனக்கென்னடீ பயம்? நாலு குழந்தை பெத்தவளுக்கு ரெண்டு ஆமை என்ன ஜாஸ்தியா?" என்றாள் வைஜயந்தி. அவள் பெற்றது ஒன்றே ஒன்றுதான். பேச்சு வேகத்தில் நாலு என்று வந்துவிட்டது.

அன்று சாயங்காலம் அவள் கணவர் வேதாந்தம் கோயிலில் பகல்பத்து உற்சவம் சேவித்துவிட்டு வந்து தொட்டியைப் பார்த்துக் கும்பிட்டார். "பழமொழியைத் தூக்கிக் காவேரியில போடு. பெருமாளே கூர்மாவதாரம் எடுத்தார். நம்மாத்துக்கு ரெண்டு பேரா எழுந்தருளியிருக்கார்னு வச்சுக்கோயேன்."

"அவர் மந்தரமலையை முதுகில தாங்கினார். இது மேஜைக் கால்ல முட்டிண்டு வழி தெரியாம நிக்கறது."

"குழந்தைதானே. மலையெல்லாம் அப்புறம்."

விளையாட்டுக்குச் சொன்னார், சட்டையைக் கழற்றி மாட்டினார், மறந்துவிட்டார். வைஜயந்தி மறக்கவில்லை. அன்றிலிருந்து தொடங்கியது ஆமைகளுக்கு அபாயம்.

பெருமாளுக்குப் படைத்துக் கண்டருளப் பண்ணாத எதையும் அந்த வீட்டில் யாரும் வாயில் போட்டதில்லை. கூர்மாவதாரத்துக்கு மட்டும் விலக்கு உண்டா? அருகம்புல்லைக் கொண்டுபோய்ப் பெருமாள் முன்னால் வைக்கவும் மனசு வரவில்லை. அது வேறொரு தெய்வத்தின் சமாச்சாரம். ஆகையால் மார்கழி விடியலில் பெருமாளுக்கு அமுது செய்த வெண்பொங்கலிலிருந்து ஒரு கடுகளவு. மத்தியானம் ததியோன்னத்திலிருந்து இரண்டு பருக்கை. மிளகு அதை மென்ற அழகைப் பார்க்க வேண்டுமே. போன ஜன்மத்தில் மடைப்பள்ளியில் வேலை பார்த்த மாதிரி, கண்ணைச் செருகிக்கொண்டு மென்றது. சீரகம் வம்புக்காரி. முகர்ந்து பார்த்துவிட்டுத் தன் செம்பருத்தி இலைக்கே திரும்பிப் போய்விட்டது. வெள்ளைப் பொடி கணவாய் மீனின் ஓட்டை அரைத்ததென்று வேதாந்தம் பொட்டலத்தைப் படித்துச் சொன்னதும், அது குறடால் தூக்கப்பட்டுப் பால்கனிக்குப் போய்ச் சேர்ந்தது.

குளியல் அடுத்தது. மார்கழியில் நாலரை மணிக்குப் பச்சைத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொள்கிறவள், அடுப்பில் காய்ச்சிய வெந்நீரை அவதாரத்துக்குக் கொடுப்பாளா? வெந்நீர் மடி ஆசாரத்தில் சேர்த்தியா? தானும் குளித்து, குழாயைத் திறந்து அதே சில்லென்ற தண்ணீரில் ஆமைகளுக்கும் தினம் திருமஞ்சனம். திருச்சிக்காரர்களுக்கு இருபது டிகிரி வந்தாலே இமயமலை. ஆப்பிரிக்காக்காரர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசிக்க அவளுக்குத் தோன்றவில்லை. மேலே சூடான பல்ப் இருந்ததால் இரண்டும் எப்படியோ ஏழு நாளை ஓட்டிவிட்டன.

எட்டாம் நாள், சொர்க்கவாசல் சேவிக்கச் சென்னையிலிருந்து வேதாந்தத்தின் தம்பி மாதவன் வந்து இறங்கினார். வருஷம் முழுக்க ஞாபகம் வராத மன்னி, வைகுண்ட ஏகாதசிக்கு முதல் நாள் எல்லோருக்கும் ஞாபகம் வருவாள். அவருக்கு, தொட்டி இருந்த ஜாஹ்னவியின் அறையைத் தயார் செய்து கொடுத்தாள்.

அரைமணியில் மாதவன் தலையணையோடு வெளியே வந்தார். "மன்னி, போலீஸ் ஜீப்புக்குள்ள படுத்துண்டிருக்கற மாதிரி இருக்கு. அந்தச் சிவப்பு விளக்கைக் கொஞ்சம் அணைக்கலாமா?"

வந்தவரைத் தூங்கவிடாமல் செய்வது எந்த சாஸ்திரத்திலும் இல்லை. வைஜயந்தி பல்பை அணைத்தாள். விடிந்தால் வைகுண்ட ஏகாதசி. ஊரில் கால் வைக்க இடமில்லை. ஒருவர் தும்மினால் ரங்கா ரங்கா கோபுரம் வரைக்கும் ஒன்பது பேர் நகர்ந்துகொடுக்க வேண்டியிருந்தது. சொர்க்கவாசல் சேவித்து, நசுங்கி, திரும்பி வந்த அமளியில் பல்பை யார் நினைத்தார்கள்?

ஏகாதசியன்று அந்த வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. பூனை வந்தாலும் பட்டினிதான். வைஜயந்தி ஆமைகளுக்குத் திருமஞ்சனம் செய்துவைத்தாள், நெற்றியென்று தோன்றிய இடத்தில் ஒரு சொட்டுத் துளசி தீர்த்தம் விட்டாள், இலையைத் தொட்டிக்கு வெளியே எடுத்து வைத்தாள். "ஒரு நாள்தானே குழந்தைகளா. மோட்சம் வரும்" என்றாள். மோட்சம் இத்தனை சுருக்க வந்து நிற்கும் என்று நினைக்கவில்லை.

அன்று மத்தியானம் ஜாஹ்னவி வழக்கம்போல வீடியோவில் கூப்பிட்டபோதே மிளகு ஒரு மூலையில் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு கிடந்தது. தொட்டால் தரையில் கிடந்த கூழாங்கல் மாதிரி குளிர்ந்திருந்தது. மூக்கில் குண்டூசித் தலையளவு ஒரு குமிழி எழுந்து, உடைந்து, மறுபடி எழுந்தது.

"அம்மா, காட்டுங்கோ."

வைஜயந்தி சீரகத்தைக் காட்டினாள்.

"மிளகு?"

வைஜயந்தி போனை ஒரு சுற்றுச் சுற்றி, ஜன்னலுக்கு முதுகைத் திருப்பி, நிழலில் வைத்து மறுபடி சீரகத்தைக் காட்டினாள்.

"என்னம்மா இருட்டா இருக்கு? கொஞ்சம் வெளுத்தாப்புல தெரியறதே."

"விரதம் இருந்தா மொகம் தெளிஞ்சுதான் இருக்கும்" என்று சொல்லிப் போனை வைத்தாள். ஏகாதசியன்று பொய் சொன்ன பாவம் அப்போதே கழுத்தைச் சுற்றி வந்து உட்கார்ந்தது. அதன்பிறகு அவள் பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் தொட்டியண்டை போய் நின்றாள். தூங்குகிறது, தூங்குகிறது என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். தூங்குகிற ஜீவன் வாயைத் திறந்து கழுத்தை நீட்டி ஒவ்வொரு மூச்சுக்கும் கெஞ்சாது என்பது அவளுக்குத் தெரியாததல்ல.

அப்படி விடிந்ததுதான் இந்தத் துவாதசி.

வேதாந்தமும் மாதவனும் விரதம் முடிக்கும் பாரணைக்கு இலையின் முன் உட்கார்ந்திருந்தார்கள். அகத்திக்கீரை, சுண்டைக்காய், நெல்லிக்காய்ப் பச்சடி எல்லாம் ஆவி பறக்க இருந்தன. வைஜயந்தி உள்ளேயிருந்து வந்தாள். கையில் அந்த ஒற்றை இலை.

"அது சாப்பிடலை" என்றாள்.

"எது?"

"மிளகு. மூச்சு வாங்கறது. கண்ணே திறக்கலை. என்னால ஒண்ணும் சாப்பிட முடியாது. அது வாயைத் திறக்காம நான் வாயைத் திறக்கமாட்டேன்."

வேதாந்தத்துக்கு மனைவியை நாற்பது வருஷமாகத் தெரியும். அவர் பஞ்சபாத்திரத்தை நகர்த்தினார். "துவாதசி போயிடப்போறது. தீர்த்தமாவது எடுத்துக்கோ. பாரணை பண்ணினதா ஆகும்."

அவள் ஒரு உத்தரணி தீர்த்தத்தை வாயில் விட்டுக்கொண்டாள்.

மாதவன் கீரையைப் பிசைந்தபடியே ஒரு யோசனை சொன்னார். "இதுக்கு ஏன் மன்னி இவ்வளவு? டவுன்ல மீன் தொட்டி விக்கற கடைக்காரன்கிட்ட கேட்டா இதே மாதிரி இன்னொண்ணு பிடிச்சுக் குடுப்பான். ஆமைக்கு என்ன மூஞ்சியா மாறப்போறது? அந்தப் பொண்ணுக்குத் தெரியவா போறது?"

ஒரு நிமிஷம் வைஜயந்திக்குச் சபலம் தட்டியது. பொய் சொல்லக்கூடாது, ஒரு நிமிஷமல்ல, மூன்று நிமிஷம். கடை, புது ஆமை, கறுப்பாக ஒன்று, மத்தியான வீடியோ, எல்லாம் சுமுகமாக மனதில் ஓடிற்று. பிறகு மாதவனைப் பார்த்தாள். உரித்த வாழைப்பழம் மாதிரி வழுவழுவென்று உட்கார்ந்து சாப்பிடுகிறார் மனிதர்.

"உங்காத்துப் பெருமாள் விக்கிரகம் தொலைஞ்சுபோனா கடையில ஒண்ணு வாங்கி அந்த எடத்துல வச்சுட்டு, அவர்தான் இவர்னு சொல்லுவேளா?" என்று கேட்டுவிட்டுப் போன் நம்பரைப் பார்க்கக் குளிர்ப்பெட்டிக்குப் போனாள்.

டாக்டர் ஷரபுன்னிசாவின் ஆஸ்பத்திரி புத்தூரில். நம்பரை அழுத்தும்போது விரல் இரண்டு தடவை தப்பாகப் பட்டு, ஒரு தடவை யாரோ கல்யாண சமையல்காரர் எடுத்தார். மூன்றாவது தடவை டாக்டரே பேசினார்.

"மூக்குல குமிழி வருதா? வாயைத் திறந்து மூச்சு விடுதா? உடனே கொண்டுவாங்கம்மா. வழியில குளிர் காத்து படாம பாத்துக்கங்க. உள்ளங்கைச் சூடு இருந்தாலும் போதும்."

உள்ளங்கைச் சூடு. ஒன்பது நாளில் முதல்முறையாகச் சூடு என்ற வார்த்தை அவள் மூளையில் ஆணி அடித்த மாதிரி இறங்கியது. திரும்பிப் பார்த்தாள். காகிதத்தில் அந்த வரி இருந்தது: வெதுவெதுப்பான தண்ணீர். அடுத்த வரி: ராப்பகலாக. ஒன்பது நாளாக அந்தக் கதவைத் திறந்து மூடித் தயிர் எடுத்திருக்கிறாள்.

எவர்சில்வர் டப்பாவில் பழைய பட்டுப்புடவைத் துண்டை விரித்து மிளகை வைத்தாள். டப்பாவை வயிற்றோடு அணைத்து மேலே தலைப்பைச் சுற்றிக்கொண்டாள். வேதாந்தம் கூட வருகிறேன் என்றார். "நீங்க சீரகத்தண்டை உட்காருங்கோ. பல்பைப் போடுங்கோ. உங்க தம்பி அணைச்சார்னா அவரை அணைச்சுடுங்கோ" என்று சொல்லிவிட்டு மாடிப்படி இறங்கினாள்.

துவாதசியன்றும் தெருவில் கூட்டம் வடியவில்லை. தடுப்புக் கம்பிகளைத் தாண்டி மாம்பழச்சாலைக்கு நடந்தே வந்தபின்தான் ஆட்டோ கிடைத்தது. ஓட்டுநர் பெயர் பிரான்சி என்று முன்கண்ணாடியில் எழுதியிருந்தது.

"புத்தூர் போங்க. சீக்கிரம் போங்க. ஆனா குலுக்காதீங்க."

"என்னங்கம்மா, பிரசாதமா? சாம்பார் எதுவும் சிந்திடாதே?"

"உடம்பு சரியில்லாத ஒருத்தரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிண்டு போறேன்ப்பா."

பிரான்சி கண்ணாடியில் பின்சீட்டை முழுக்கத் தேடினார். "எங்கம்மா அவரு?"

வைஜயந்தி டப்பாவைக் காட்டினாள். அவர் சாம்பாரே மேல் என்கிற முகத்தோடு எட்டிப் பார்த்தார். "ஆமையா? ஏங்கம்மா, ஆமை புகுந்த..."

"அந்தப் பழமொழியை மட்டும் சொல்லாதப்பா. வேற எதை வேணா சொல்லு."

காவிரிப் பாலத்தில் ஊர்திகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றன. ஆற்றின் மேலிருந்து வந்த காற்று பக்கவாட்டில் புகுந்தது. வைஜயந்தி உடம்பையே வளைத்து டப்பாவின்மேல் கூரையாக்கினாள். மடிக்குள் மிளகு கனக்கவே இல்லை. கனமில்லாததுதான் அவளைப் பயமுறுத்தியது. பாலத்தின் நடுவில் போன் அடித்தது. ஜாஹ்னவி. அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. எடுக்கவில்லை. ஒவ்வொரு மணியும் நெஞ்சில் ஒரு படி இறங்கி வந்து உட்கார்ந்தது.

"எடுங்களேன், யாரோ அவசரமாக் கூப்பிடறாங்க" என்றார் பிரான்சி.

"எடுத்தா என்னப்பா சொல்லுவேன்?"

"உள்ளதைச் சொல்லுங்க. எங்க மாமியார் ஒருதடவை என் மோட்டார் சைக்கிளைத் தேங்கா உரிக்க ஸ்டாண்டா வச்சு வளைச்சுப்புட்டாங்க. அரைநாள் சொல்லவே இல்ல. வளைஞ்சது கூடத் தேவலை, அந்த அரைநாள் இன்னும் எனக்கு ஆறல."

சத்திரம், தில்லைநகர், புத்தூர். இறங்கும்போது பிரான்சி தன் கழுத்திலிருந்த துண்டை எடுத்து டப்பாவின்மேல் போட்டார்.

டாக்டர் ஷரபுன்னிசா மிளகை உள்ளங்கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தார், ஒரு சின்னக் கருவியை ஓட்டுக்கு நேராகப் பிடித்தார், பிறகு வைஜயந்தியைப் பார்த்தார். நாற்பது வயதுப் பெண்மணி. சிரிக்கவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

"உடம்பு இருபத்திரெண்டு டிகிரிதான் இருக்கு. என்ன சாப்பாடு குடுத்தீங்க?"

"வெண்பொங்கல்."

பேனா நின்றது. "அப்புறம்?"

"ததியோன்னம். தயிர் சாதம். கொஞ்சமாத்தான்."

"குளிக்க வச்சீங்களா?"

"தினமும். நாலரை மணிக்கு. பச்சைத் தண்ணியில."

"காலையிலயா?"

"சாயங்காலம் நாலரைக்குத் திருமஞ்சனம் பண்ணுவாளா?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"பல்ப் எரிஞ்சிச்சா?"

"ரெண்டு ராத்திரியும் நடுவில ஒரு பகலும் எரியலை. நேத்து ஏகாதசி. அதனால சாப்பாடும் கிடையாது."

"ஆமைக்கா ஏகாதசி?"

"எங்காத்துல எல்லாருக்கும்."

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "அம்மா, இது தன் உடம்பைத் தானே சூடாக்கிக்கத் தெரியாத ஜீவன். வெளிச் சூடுதான் இதுக்கு அடுப்பு. அடுப்பை அணைச்சிட்டு வயித்துல சோத்தைப் போட்டா செரிக்காது. பாலும் சோறும் எந்நாளும் ஆகாது. இப்ப நெஞ்சுல சளி கட்டியிருக்கு. ஊசி போடறேன். வெதுவெதுப்பா வச்சுக்குங்க. நாளன்னிக்கு இன்னொரு ஊசி, வீட்டிலயே போடலாம், சொல்லித் தரேன்."

"பிழைச்சுடுமா?"

"ரெண்டு நாள் தாண்டட்டும். இப்போதைக்கு என்னால உறுதி சொல்ல முடியாதும்மா."

மிளகு ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்தில் வெதுவெதுப்பான தண்ணீரில் தாடைவரை முங்கியிருந்தது. வைஜயந்தி வெளியே பெஞ்சில், வாய்ப்பூட்டுப் போட்ட ஓர் அல்சேஷனுக்கும் கிளிக்கூண்டுக்கும் நடுவில் போய் உட்கார்ந்தாள். போனை எடுத்தாள். அடிக்க வேண்டிய நம்பர் ஒன்றுதான். கை அந்த ஒரு பெயரின்மேல் போய் நின்று நின்று திரும்பியது. கிளி அவளைத் தலைசாய்த்துப் பார்த்தது. ஒரு கிளியின் முன்னால்கூடத் தைரியமாக இருக்க முடியவில்லையே என்று தோன்றியதும் அழுத்திவிட்டாள்.

எல்லாவற்றையும் சொன்னாள். பொங்கல், தயிர், தண்ணீர், பல்ப், ஏகாதசி, சீரகத்தை இரண்டுதரம் காட்டியது. முன்னுக்குப் பின் முரணாக, மூச்சுவிடாமல் சொன்னாள். கடைசியில், "நான் வேணும்னு பண்ணலைடீ. அன்னிக்கு வாசல்ல சொன்னேனே, அதை வச்சு நினைச்சுக்காதே" என்றாள்.

அந்தப் பக்கம் ஒரு நாற்காலி நகரும் சத்தம். பிறகு தொடர்பு அறுந்தது. திரும்ப அழைத்தால் மணி போய்க்கொண்டே இருந்தது. ஒரு மணி நேரம் கழித்து அழைத்தால் போன் அணைத்துவைக்கப்பட்டிருந்தது.

அந்தப் பகலை வைஜயந்தி எப்படிக் கழித்தாள் என்று எழுத ஒரு தனிப் புத்தகம் வேண்டும். ஆஸ்பத்திரியிலிருந்து மிளகைக் கொண்டுவந்து தொட்டியில் விட்டுவிட்டு, பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். சிவப்பு வெளிச்சத்தில் முகமெல்லாம் வேர்த்தது. வேர்வை ஓடி மூக்கு நுனியில் சொட்டியது. துடைத்துக்கொள்ளக் கையை எடுக்கவில்லை. கையில் ஒரு கோவை இலை. இரண்டு மணிக்கு மிளகு ஒரு காலை அசைத்தது. மூன்று மணிக்கு அசையவில்லை. மூன்றரைக்கு மூச்சே இல்லையென்று நினைத்துக் கண்ணாடியில் காதை வைத்து, சீரகம் மறுபக்கத்தில் இடித்ததைக் கேட்டு உயிர் போய் உயிர் வந்தது. வேதாந்தம் இரண்டு தடவை மோர் கொண்டுவந்து வைத்தார், இரண்டு தடவை திருப்பி எடுத்துக்கொண்டு போனார். அவளுக்குப் பசிக்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது: அந்தப் பெண் போனை வைத்துவிட்டாளே. இனிமேல் அவள் இந்த வீட்டுக்குள் எப்படி வருவாள்? வந்தால் எந்த முகத்தோடு வருவாள்?

மாதவன் நிலைமையைப் பார்த்து நாலு மணி ரயிலுக்கே கிளம்பிவிட்டார். அது ஒன்றுதான் அன்றைய நல்ல சேதி.

ஐந்தரைக்குக் கதவு திறந்தது. ஜாஹ்னவி. ஹைதராபாத்திலிருந்து கிடைத்த விமானத்தைப் பிடித்து, ஏர்போர்ட்டிலிருந்து நேரே வந்திருந்தாள். தோளில் பை, கழுத்தில் இன்னும் அந்தப் பயிற்சி அட்டை. மாமியாரைப் பார்க்கவில்லை. நேராகத் தொட்டியண்டை போய் முட்டிபோட்டாள். உள்ளே இருந்த வெப்பமானியைப் பார்த்தாள். மிளகின் ஓட்டைப் புறங்கையால் தொட்டாள். பிறகு எழுந்து குளிர்ப்பெட்டியண்டை போய், தன் கையால் எழுதிய காகிதத்தைத் தானே முதல் வரியிலிருந்து கடைசி வரைக்கும் படித்தாள்.

வைஜயந்தி எழுந்திருக்கப் பார்த்தாள். கால் மரத்திருந்தது. அப்படியே உட்கார்ந்திருந்தாள், தீர்ப்புக்குக் காத்திருக்கிற மாதிரி.

"நாலரை மணிக்கா குளிப்பாட்டினேள்?" என்றாள் ஜாஹ்னவி, திரும்பாமல்.

"ஆமாம்."

"ஒன்பது நாளும்?"

"ஒன்பது நாளும்."

"ஒரு நாளாவது விட்டுட்டேளா?"

"எப்படி விடுவேன்?"

ஜாஹ்னவி திரும்பினாள். கண் சிவந்திருந்தது, விமானத்தில் அழுதிருக்க வேண்டும். வாய் மட்டும் சிரிப்பை அடக்க முடியாமல் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு வந்தது. "அம்மா, நீங்க அதுங்களைக் கொல்லணும்னு நினைச்சிருந்தா, ஒண்ணுமே பண்ணாம சும்மா இருந்தா போறும். நாலரை மணிக்கு எழுந்து, பெருமாள் பிரசாதம் குடுத்து, உங்களோட சேர்த்து விரதமும் வச்சேளே, பிடிக்காதவா யாராவது இப்படிப் பண்ணுவாளா?"

"நீ போனை வச்சுட்டியே."

"டிக்கெட் போடணும்னு வச்சேன். அதுக்கப்புறம் பேசினா கத்தியிருப்பேன்மா. கோவம் இருக்கு. இல்லேன்னு சொல்லலை. நேத்திக்குச் சீரகத்தை ரெண்டு தரம் காட்டினேளே, அந்தக் கோவம் இன்னும் நாலு நாள் இருக்கும்."

"இருக்கட்டும்" என்றாள் வைஜயந்தி. நாலு நாள் என்று கணக்கிட்டுச் சொல்லப்பட்ட கோபம் எவ்வளவு பெரிய வரம் என்று அவளுக்குத் தெரிந்தது. அதற்கப்புறம் ஜாஹ்னவி பிசைந்து கொண்டுவந்த சாத்தமுது சாதத்தைத் தொட்டிக்குப் பக்கத்திலேயே, வைஜயந்தி, காலையில் போட்ட சபதத்தை மறந்து, கண்ணை ஆமையிலிருந்து எடுக்காமல் முழுங்கினாள்.

ஆனால் ஆமை இன்னும் சாப்பிடவில்லை. மறுநாளும் சாப்பிடவில்லை. இரண்டு பேரும் மாறி மாறிக் காவல் இருந்தார்கள். மூச்சு சற்றுச் சீராயிற்று, குமிழி குறைந்தது, கண் மட்டும் ஒட்டியபடியே. டாக்டர் சொன்ன ரெண்டு நாளில் இரண்டாவது நாளும் முடிந்து, ஊசி போட வேண்டிய காலை வந்தது.

மருந்து நிரப்பிய ஊசியை ஜாஹ்னவி குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்தாள். கைச்சூட்டில் வைத்துக் குளிர் போக்கினாள். மூடியைக் கழற்றினாள். அவ்வளவுதான். முகம் சுண்ணாம்பாக வெளுத்து, சுவரைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா, எனக்கு ஊசின்னா ஆகாது. ஸ்கூல்ல தடுப்பூசி போட வந்தப்போ பாத்ரூம்ல ஒளிஞ்சிண்டவ நான்."

"அப்போ யாருடீ போடறது?"

இரண்டு பேரும் வேதாந்தத்தைப் பார்த்தார்கள். அவர் கோயிலுக்கு நேரமாயிற்று என்று மேல்துண்டை எடுத்துக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்தபடி மாடிப்படி இறங்கிவிட்டார்.

வைஜயந்தி மிளகை இடது கையில் எடுத்தாள். உள்ளங்கையில் அது இன்றைக்குச் சூடாக இருந்தது. முன்னங்காலை டாக்டர் காட்டியபடி இரண்டு விரலால் வெளியே இழுத்துப் பிடித்தாள். தீக்குச்சிக் கனம். அதில் எங்கே குத்துவது? பக்கத்தில் மாட்டுப்பெண் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, "ஆச்சா? ஆச்சா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். காவிரிப் பாலம், அணைந்த போன், மூன்றரை மணி மூச்சு, அத்தனை பயமும் திரண்டு வந்து அந்த ஊசி முனையில் நின்றது. வைஜயந்தி குத்தினாள். மருந்தை மெதுவாகச் செலுத்தினாள். எடுத்தாள்.

மிளகின் தலை வெளியே வந்தது. மூன்று நாளில் முதல் தடவையாகக் கழுத்துவரை முழுசாக வந்தது. கண் திறந்தது, முதலில் ஒன்று, பிறகு இன்னொன்று. தன்னை யார் குத்தினார்கள் என்று சாவகாசமாகத் தேடிப் பார்த்தது. ஜாஹ்னவி சட்டென்று ஒரு கோவை இலையை எடுத்து நீட்டினாள். மிளகு இலையை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பக்கத்திலிருந்த வைஜயந்தியின் ஆள்காட்டி விரலை வாயால் கவ்விக் கடித்தது.

"அம்மா, விரலை எடுங்கோ."

"இருடி."

"கடிக்கறதும்மா. வலிக்கலையா?"

"வலிக்கறது. இப்பத்தான் வாயையே திறந்திருக்கு. எடுத்தா மூடிண்டுடுமோன்னு பயமா இருக்கு" என்றாள் வைஜயந்தி, அசையாமல்.